கன்றின் முதல் நாள் கணக்கு

லக்ஷ்மிபாய் நகர் போன்ற சர்க்கார் குடியிருப்பில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்தியாவைத் தெரிந்துகொள்ள ரயில் ஏற வேண்டியதில்லை. மாடிப்படி ஏறினால் போதும். ரோத்தக் பக்கத்தில் உள்ள தன் கிராமத்துக்குப் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டு ஹரியானா அம்மாள் ஒரு நாள் எவர்சில்வர் டப்பாவில் மஞ்சளாகவும் கெட்டியாகவும் எதையோ கொண்டுவந்து கொடுத்தார். "கீஸ்" என்றார். கீழ் வீட்டுத் தெலுங்குக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "ஜுன்னு" என்று கண்களை அகட்டினார். கர்நாடகத்தில் அது கிண்ணு. மகாராஷ்டிரத்தில் கர்வஸ். நமக்குச் சீம்பால், தெற்கே சில ஊர்களில் கடும்பு. மாடோ எருமையோ கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில் கறக்கும் பால். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் முட்டை சேர்க்காமலே உறைந்துவிடும். அதன் ருசியைப் பற்றி நான்கு மாநிலத்துக்காரர்களும் ஒரே குரலில் பேசினார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

"கன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கட்ரா. கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டது" என்றார். கட்ரா என்றால் எருமைக் கடாக்கன்று. வருத்தம் இல்லாமல் சொல்லவில்லை. ஆனாலும் கட்ரா என்ற முதல் சொல்லிலேயே அவரைப் பொறுத்தவரை பாதி விளக்கம் அடங்கியிருந்தது.

டப்பாவில் இருந்த பண்டத்துக்கும் போய்விட்ட கன்றுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம். காரணம், அதே நாட்களில் என் மேஜைக்கு மொழிபெயர்ப்புக்காக வந்திருந்த ஒரு விஷயம்: கையில் எடுத்துச் செல்லக்கூடிய அகச்சிவப்பு நிறமாலைக் கருவியை மாட்டுத் தொழுவத்துக்கே கொண்டுபோய், கன்றின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும் முயற்சி. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்லாண்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகளாக இந்த வேலை நடந்திருக்கிறது.

முதலில் கன்று. மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் எதிர்ப்பொருட்களை ரத்தத்தில் வாங்கிக்கொண்டு வருகிறது. நஞ்சுக்கொடி வழியாக அவை கசிந்து இறங்கிவிடுகின்றன. மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி ஆகியவற்றின் நஞ்சுக்கொடி வேறு மாதிரி. அதன் அடுக்குகளை எதிர்ப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறு தாண்டாது. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையுடன்தான் பிறக்கிறது. தாய் தரவேண்டிய பங்கு முழுவதும் மடியில் காத்திருக்கிறது. சீம்பால் கெட்டியாக இருப்பதற்கும், சூடுபட்டவுடன் உறைவதற்கும் முக்கியக் காரணம் அந்தப் புரதங்களே. டப்பாவில் உறைந்திருந்தது கன்றின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பொருள்.

தாய்ப்பால் வழியாக எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது என்பதை 1892-ல் பால் எர்லிக் எலிகளை வைத்துக் காட்டினார். ஒரு தாயின் குட்டிகளை இன்னொரு தாயிடம் பால் குடிக்க விட்டுப் பார்த்த எளிய சோதனை அது. கன்றுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டியவர் அமெரிக்க நோயியல் அறிஞர் தியோபால்ட் ஸ்மித். 1922-ல் அவரும் ரால்ஃப் லிட்டிலும் வெளியிட்ட ஆய்வில், சீம்பால் கொடுக்கப்படாத கன்றுகளில் பெரும்பாலானவை மடிந்தன, குடித்தவை பிழைத்தன. நூறு வருஷத்துக்கு முந்தைய செய்தி. இன்றும் அது எல்லாத் தொழுவங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடவில்லை.

இதில் நேரம்தான் பெரிய சிக்கல். பிறந்த கன்றின் குடல், எதிர்ப்பொருளைச் செரித்துவிடாமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். அந்தக் கதவு பிறந்த மணியிலிருந்தே சாத்திக்கொள்ள ஆரம்பித்து, சுமார் 24 மணி நேரத்தில் முழுவதுமாக மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு வாளி வாளியாகச் சீம்பால் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது. அதனால்தான் முதல் இரண்டு, அதிகம் போனால் நாலு மணி நேரத்துக்குள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். அதுவும் முதல் கறவைப் பாலாக இருக்க வேண்டும். இரண்டாம் கறவையிலேயே சத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கன்று ஈன்ற மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உண்டு. பால் மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று நம்பிக்கை. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு நம்பிக்கையில் இருக்கிறது. கொடி விழும் வரை கன்றை மடியில் விடக் கூடாது என்பார்கள். வடக்கிலும் பல இடங்களில் இதையே சொல்கிறார்கள். கொடி விழச் சில சமயம் எட்டு மணி நேரம் ஆகும், பன்னிரண்டு மணி நேரமும் ஆகும். கன்றின் குடல் கதவு பாதி சாத்திக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதுதான். கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் கொடிக்காகக் காத்திருக்காதீர்கள் என்று சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள். இப்படி மிக நல்ல எண்ணத்துடன், மாட்டுக்கு ஆகாது என்ற கவலையில், கன்றின் முதல் நாள் பறிபோகிறது.

பறிபோனது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் மோசம். சீம்பால் குடித்த கன்றும் குடிக்காத கன்றும் முதல் நாள் ஒரே மாதிரி துள்ளும். கழிச்சலோ சளிக்காய்ச்சலோ வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். அப்போது கிருமியின் பேரைச் சொல்வோம், மழையைச் சொல்வோம், கண்ணேறு என்றுகூடச் சொல்வோம். ரத்தத்தை அளந்தால் மட்டுமே உண்மைக் காரணம் அகப்படும்.

அளப்பதற்கு நம்பகமான பழைய முறை ஒன்று உண்டு. 1960-களில் இத்தாலிய விஞ்ஞானி மன்சினியின் குழு செப்பனிட்டது. மாட்டு எதிர்ப்பொருளோடு சேர்ந்தால் வெண்மையாகப் படியும் மருந்தைக் கலந்த ஜெல்லித் தட்டில் சின்னக் குழி செய்து, கன்றின் ரத்தநீரை ஒரு சொட்டு விடுவார்கள். அது மெல்லப் பரவி ஒரு வெண்வளையம் உண்டாகும். வளையத்தின் குறுக்களவைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். அருமையான முறைதான். ஆனால் வளையம் முழுசாக வளர ஒரு நாளாவது ஆகும், ஆய்வுக்கூடம் வேண்டும், தட்டுகள் விலை அதிகம், குளிரில் வைத்துக் காப்பாற்றவும் வேண்டும். கோஹானாவிலிருந்தோ கோபிசெட்டிபாளையத்திலிருந்தோ ஒரு விவசாயி இதற்காக ரத்தக் குப்பியைத் தூக்கிக்கொண்டு புறப்பட மாட்டார்.

இங்கேதான் அகச்சிவப்பு வருகிறது. சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை, தொழில் புத்தி விடாது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்பைத் தாண்டி ஒளியே தெரியாத இடத்தில் சூடு அதிகமாக இருப்பதைக் கண்டார். சிவப்புக்குக் கீழே என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. யாழ்ப்பாணத்துப் பாடநூல்காரர்கள் அதைச் செங்கீழ் என்று ஒழுங்காகப் பெயர்த்தார்கள். நாம் அகச்சிவப்பு என்றோம். ஊதாவுக்கு அப்பாலுள்ளதைப் புற ஊதா என்றோம். அகம், புறம் என்று எதையும் இரண்டாக வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குச் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. இயற்பியலில் மட்டும் விடுவோமா? எதிர்ப்பொருளுக்கும் இலங்கையில் பிறபொருளெதிரி என்று ஒரு சொல் உண்டு. நீளம் என்றாலும் பொருளைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தப் பத்தியில் எதிர்ப்பொருள் என்றே வைத்துக்கொள்கிறேன், இடம் மிச்சமாகும்.

எந்தப் புரதமானாலும் அதன் மூலக்கூறில் அணுக்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுக்கு ஒத்த அகச்சிவப்புக் கதிர் விழுந்தால் அதை விழுங்கிவிடும். எந்தக் கதிர் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். அதுதான் நிறமாலை. புரதங்களுக்கென்றே அதில் இரண்டு பெரிய மேடுகள் உண்டு. ரத்தநீரில் அதிகம் இருக்கும் ஆல்புமின் பெரும்பாலும் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்ட புரதம். எதிர்ப்பொருளோ மடித்த விசிறித் தாள் போலத் தட்டையான மடிப்புகளால் ஆனது. சுருளும் மடிப்பும் சற்று வேறு வேறு இடத்தில் மேடு காட்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சகாக்களும் வரைந்த படம் உலகம் முழுவதும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்தச் சுருளும் மடிப்பும் அதில் தனித்தனிப் பேட்டைகள். கனடாக்காரர்களின் கருவி வேலை செய்வதற்குக் காரணமான வடிவ வேற்றுமையைக் கிண்டியில் ஒரு தமிழ்நாட்டுக் குழு காகிதத்தில் குறித்துவைத்திருந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து லிட்டருக்கு இத்தனை கிராம் என்று யாரும் கண்ணால் படித்துவிட முடியாது. ரத்தநீரில் நூற்றுக்கணக்கான புரதங்கள். எல்லா மேடுகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆகவே கணினிக்குப் பாடம் நடத்த வேண்டும். சில நூறு கன்றுகளின் ரத்தநீரை எடுத்து, ஒவ்வொன்றையும் பழைய வளைய முறையிலும் அளந்து, அகச்சிவப்பிலும் படம் எடுத்து, இந்தப் படத்துக்கு இந்த எண் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு அது பார்த்திராத ரத்தநீரைக் காட்டிப் பரீட்சை வைப்பார்கள். 2007-ல் குதிரைகளில் இப்படிச் செய்து வெளியிட்டார்கள். 2014-ல் அல்பாக்காக்கள், அப்புறம் கறவை மாட்டுக் கன்றுகள், சீம்பாலேகூட. இந்த வரிசையில் அடிக்கடி வரும் பெயர்கள் ட்ரென்டன் மெக்ளூர், இப்ராஹிம் எல்சோஹபி. பின்னவர் எகிப்தின் ஸகாஸிக் பல்கலைக்கழகத்துக்காரர். நைல் கழிமுகம், எருமைகள் நிறைந்த பூமி. ஆரம்பத்தில் பெரிய மேஜைக் கருவி. அப்புறம், ஒரு படிகத்தின் மேல் துளி ரத்தநீரை வைத்து, அடியிலிருந்து கதிரைத் தெறிக்கவிட்டுப் படிக்கும் முறை வந்தது. படிகம் சின்னது, கருவியும் சுருங்கியது, தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்ற நிலை வந்தது.

நல்ல செய்தி. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்ற சொல்லைச் சற்று உலுக்கிப் பார்க்க வேண்டும். கருவி நடக்கும்; கூடவே நடக்க வேண்டிய மற்றவை? கன்றின் ரத்தத்தை அப்படியே வைத்தால் சிவப்பணுவில் இருக்கும் புரதமும் சேர்ந்து குழப்பும். உறைய விட்டு ரத்தநீரைப் பிரிக்க வேண்டும். அதற்குச் சுழலும் இயந்திரம் அல்லது பொறுமை வேண்டும். அடுத்து நீர். புரதத்தின் முதல் மேடு எங்கே எழுகிறதோ ஏறக்குறைய அதே இடத்தில் தண்ணீரும் கதிரை விழுங்கும். ஆகவே துளியைப் படிகத்தின் மேல் உலர்த்த வேண்டும். காற்றில் இருக்கும் ஈரமும் கோட்டில் கீறல் போடும். ஆகஸ்ட் மாத டெல்லியில், துணி காயாத அந்த வாரங்களில், ஒரு தகரக் கொட்டகைக்குள் துளி சமமாக உலர்வதை நினைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் பாடம் நடத்துவது. கருவி தானாக ஒன்றும் அறியாது. எந்தக் கன்றுகளை வைத்துக் கற்றதோ அந்தக் கன்றுகளைப் பற்றித்தான் அதற்குத் தெரியும். கனடாவின் ஹோல்ஸ்டீன் கன்றை வைத்துப் படித்ததை முர்ரா எருமைக் கன்றிடம் அப்படியே காட்டினால் அது ஏதோ ஓர் எண்ணைச் சொல்லத்தான் செய்யும். எண் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிட முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம்மிடம் ஏறத்தாழ 11 கோடி எருமைகள்; உலகில் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. எருமைக்கான பாடத்தை நாம்தான் எழுத வேண்டும். கர்னாலில் தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையமும் ஹிஸாரில் மத்திய எருமை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இரண்டும் டெல்லியிலிருந்து ஒரு பகல் நேர பஸ் பயணத்தில் எட்டும் தூரம்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் கருவி சொல்வது எதிர்ப்பொருள் மொத்தம் எவ்வளவு என்பதை. எந்த நோய்க்கு எதிரானது என்பதை அது சொல்லாது. கோமாரிக்குத் தடுப்பூசி போட்ட மாட்டில் ஊசி பிடித்ததா என்று பார்க்க வேறு சோதனை வேண்டும். எலைசா என்ற முறையில் குறிப்பிட்ட நோய்க்குரிய எதிர்ப்பொருளைத் தேடிப் பிடிப்பார்கள். நம் நாட்டுக்கு அதில் பெருமையான அனுபவம் உண்டு. வெக்கை நோயை ஒழித்தபோது, கடைசிக் காலத்தில் ஊசியை நிறுத்திவிட்டு, கிராமம் கிராமமாக மாட்டு ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தேடினார்கள். ஊசி போடாத இளம் மாட்டில் அது இருந்தால் நோய் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். 2006-ல் இந்தியா வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது; 2011-ல் உலகமே விடுபட்டது. அந்த வேலையை அகச்சிவப்பு செய்யாது. அதனிடம் கன்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும்: தாய் கொடுத்தது வந்து சேர்ந்ததா, எவ்வளவு?

எவ்வளவு என்ற கேள்விக்குச் சமீபத்தில் மதிப்பு கூடியிருக்கிறது. நெடுநாள் வரை லிட்டருக்கு 10 கிராம் என்று ஒரே கோடு. அதற்கு மேல் இருந்தால் பாஸ், கீழே இருந்தால் பெயில். தட்டுத்தடுமாறிப் பாஸான கன்றுகளும் நிறைய நோய்வாய்ப்படுவதைப் பார்த்து, 2020-ல் அமெரிக்க நிபுணர்கள் நாலு படிகளாகப் பிரித்தார்கள். 25 கிராமும் மேலும் உயர்தரம், 18 முதல் 25 வரை நல்லது, 10 முதல் 18 வரை சுமார், 10-க்குக் கீழே மோசம். ஒரு பண்ணையில் பத்தில் நாலு கன்றுக்கு மேல் முதல் படியில் இருக்க வேண்டும், பத்தில் ஒன்றுக்குக் குறைவாகத்தான் கடைசிப் படியில் இருக்கலாம் என்று இலக்கும் வைத்தார்கள். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் மலிவுச் சோதனைகள் இதற்குப் போதாது, எண் வேண்டும். சிவப்புக்கு அப்பால் உள்ள கதிருக்குத் தொழுவத்தில் வேலை கிடைப்பது இதனால்தான்.

ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தை அளக்க ஏற்ற காலம் கன்று பிறந்து ஒரு நாள் கழிந்த பிறகு, ஒரு வாரத்துக்குள். அதாவது குடல் கதவு மூடிய பிறகு. மோசம் என்று எண் வந்தால் அந்தக் கன்றுக்குச் சீம்பால் கொடுத்து ஈடு செய்ய இயலாது. பந்தயக் குதிரைக் குட்டியாக இருந்தால் வேறு குதிரையின் ரத்தநீரை நரம்பில் ஏற்றுவார்கள்; அதன் விலை அப்படி. எருமைக் கன்றுக்கு யார் ஏற்றுவார்கள்? தனியாகக் கட்டி, சுத்தமாக வைத்து, கண்காணிக்கலாம். அவ்வளவுதான். அந்த எண்ணால் முழுப் பயன் அடையப்போவது அடுத்து பிறக்கும் கன்று. பத்துப் பன்னிரண்டு கன்றுகளை அளந்து நாலைந்து மோசம் என்று வந்தால், கோளாறு கன்றுகளில் இல்லை, கன்று பிறந்த இரவில் கொட்டகையில் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது என்று தெரியும். அளப்பவர் அதைத் தொழுவத்துக்காரரிடம் சொல்ல வேண்டும். அவரும் காதில் வாங்க வேண்டும்.

காதில் வாங்குவாரா என்பது பணத்தைப் பொறுத்தது. அகச்சிவப்பு நம் பால் தொழிலுக்குப் புதிதல்ல. பாலில் கொழுப்பையும் புரதத்தையும் இந்தக் கதிரால் அளக்கலாம் என்று 1960-களிலேயே இங்கிலாந்தில் காட்டிவிட்டார்கள். இன்று நம் பெரிய பால் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் அதே தத்துவத்தில் இயங்கும் கருவிகள் கொழுப்பு, புரதம், கலப்படம் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகின்றன. விலைக்கு வாங்கும் பாலை அளக்க லட்சங்களைச் செலவிடத் தயங்கவில்லை. சீம்பாலைச் சங்கம் வாங்காது. காய்ச்சினால் திரியும், மற்ற பாலையும் கெடுக்கும். சங்கத்தில் விலை இல்லாத பால், சந்தையில் விலை இல்லாத கன்று. நடுவில் அளவுகோலுக்கு யார் பணம் போடுவது?

கன்றுக்கு விலை இல்லை என்று சும்மா சொல்லவில்லை. அந்த 11 கோடி எருமைகளில் ஆண் எருமை ஒரு கோடிக்கும் குறைவு. பிறப்பில் ஆணும் பெண்ணும் சரிபாதிதான். வளர்ந்த கடா இறைச்சிக்கு விற்கப்படுவது ஒரு பகுதி. ஆனால் எல்லாக் கடாக்கன்றும் அந்த வயது வரை போவதில்லை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. கட்ரா குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் விற்காமல் போன லிட்டர். யாரும் கத்தியை எடுப்பதில்லை. மடியில் விடத் தாமதிப்பார்கள், குறைத்து விடுவார்கள், மீதியைக் கழிச்சல் பார்த்துக்கொள்ளும்.

இதன் தொடர்ச்சி டெல்லிக்காரர்களின் டம்ளர் வரை வருகிறது. கன்று முட்டாமல் எருமை லேசில் சுரக்காது. முன்பெல்லாம் செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துக் காட்டி ஏமாற்றிக் கறப்பார்கள். நகரத்துத் தொழுவத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். காஜிப்பூர், பல்ஸ்வா, மதன்பூர் காதர், மசூத்பூர் என்று டெல்லியைச் சுற்றியுள்ள பால்பண்ணைக் குடியிருப்புகளின் நிலைமை 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. காஜிப்பூரிலும் பல்ஸ்வாவிலும் குப்பை மலைகளுக்குப் பக்கத்தில் மாடுகள் நிற்பதைப் பற்றி நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். ஊசி போடுவது மிருகவதை என்று சொல்லி, வாரந்தோறும் சோதனையிட உத்தரவிட்டார்கள். ஊசியைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. ஊசிக்குத் தேவை எப்படி வந்தது, கன்று எங்கே போயிற்று என்பதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. எங்கள் குடியிருப்பில் பால் பூத்திலிருந்து உறையில் வருகிறது. உறையின் மேல் கன்றின் படம் இருப்பதில்லை.

ஆகவே அகச்சிவப்புக் கருவி ஒன்றை யாராவது இனாமாகக் கொடுத்தால் எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால், தொழுவத்தில் வேண்டாம் என்பேன். ஒரு கால்நடை ஆஸ்பத்திரியிலோ பால் ஒன்றியத்தின் ஆய்வுக்கூடத்திலோ வைக்கலாம். ஊசி போடவும் சினை பார்க்கவும் எப்படியும் கிராமத்துக்குப் போகும் உதவியாளர் ரத்தக் குப்பிகளைக் கொண்டுவரட்டும். முதலில் சில நூறு எருமைக் கன்றுகளை இரண்டு முறையிலும் அளந்து நம் பாடத்தை எழுதிக்கொள்ள வேண்டும். கடாக்கன்றுகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண் அழகாக வரும், தொழுவம் அப்படியே இருக்கும். ஒரு ஒன்றியம் தன் உறுப்பினர்களுக்குக் கன்றின் ரத்த எண்ணையும் பால் பட்டியலோடு சேர்த்து அச்சடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. கொழுப்பு இத்தனை, பணம் இத்தனை, உங்கள் கன்று நாலில் எந்தப் படி.

அதுவரை தொழுவத்தில் வைத்துக்கொள்ள வேறொரு சாமான் இருக்கிறது. கரும்பு ஆலைக்காரர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் சாற்றின் இனிப்பைப் பார்க்க ஒரு கைக்குழாய் வைத்திருப்பார்கள். பிரிக்ஸ் மீட்டர் என்பார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், கரண்ட் வேண்டாம். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சீம்பாலைத் தடவி, மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். 22-க்கு மேல் இருந்தால் நல்ல சீம்பால். குறைந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொடுக்க வேண்டும், அல்லது வேறு மாட்டின் நல்ல சீம்பாலைத் தேட வேண்டும். கன்றுக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே, கதவு திறந்திருக்கும்போதே, சொல்லிவிடுகிறது. அந்த 22 என்ற கோடும் மேல்நாட்டுப் பசுக்களை வைத்து வகுத்ததுதான். எருமைக்கு அதை எங்கே போடுவது என்று தீர்மானிக்கவும் கன்றுகளின் ரத்தத்தை அளந்தாக வேண்டும். கர்னாலுக்கும் ஹிஸாருக்கும் பஸ்கள் காஷ்மீரி கேட்டிலிருந்து கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன.